வெள்ளைக் கோட்டின் இடது பக்கம்

சாலையின் நடுவில் போடும் வெள்ளைக் கோடு எதற்கென்று அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் வண்டி ஓட்டிய எவனுக்கும் தெரியாது. இன்றைக்கு மட்டும் தெரிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும். கோடு போட்ட கூட்டத்தில் நான் இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் என்று வையுங்கள். கரமனையிலிருந்து நேமம் வழியாகப் பாலராமபுரம் போகிற பெரிய ரோட்டில் கோடு போடும் வேலையை ஒரு காண்டிராக்டர் எடுத்திருந்தார். நான் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். என் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்து ரோட்டில் நிறுத்தினார்கள். காலை முதல் பொழுது சாயும்வரை நிற்க வேண்டும். வருகிற வண்டியை மெதுவாக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பெயிண்ட் அடித்தவர் நாகர்கோவில்காரர். எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ரோட்டின் நடுவே குந்தி உட்கார்ந்து, நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டை பிரஷ்ஷால் அடித்துக்கொண்டே முன்னே நகர்வார். எதிரே வருவதை அவர் பார்த்துக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் வருவது என் பொறுப்பு.

அவருக்குக் காது கேட்காது. கல் குவாரியில் வெடி வைத்துப் போன காது. பக்கத்தில் போய்க் கத்தினால் கொஞ்சம் விழும். எங்களை வேலை வாங்கும் மேஸ்திரிக்கு இது தெரியாது. தெரிந்தால் ரோட்டில் உட்கார விடமாட்டார், அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார். ஊரில் அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே நான் கண்டுபிடித்துவிட்டேன். கொடியை ஆட்டிக்கொண்டு கூப்பிட்டேன், திரும்பவில்லை. விசில் ஊதினேன், திரும்பவில்லை.

"யார்ட்டயும் சொல்லிராதல" என்றார். கண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் சொல்லவில்லை.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நீளமான கயிறு ஒன்று. ஒரு முனை அவர் இடது கையில், மறு முனை என்னிடம். நான் மூன்று முறை இழுத்தால் அவர் கயிற்றை விட்டுவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு இடது ஓரத்துக்குப் போய்விட வேண்டும். ஏன் இடது ஓரம்? அங்கே எவனும் வரமாட்டான். அதுதான் விஷயம். இடது பக்கம் ஓட்ட வேண்டும் என்பது சட்டம், ஆனால் ஓட்டியவனை நான் பார்த்ததில்லை. எல்லாரும் நடு ரோட்டில் வருவார்கள். முந்துகிறவன் வலது பக்கம் ஏறுவான், எதிரே பஸ் வந்தாலும் ஏறுவான். வளைவில் ஏறுவான், பாலத்தில் ஏறுவான். இடது ஓரம் ஆட்டுக்கும் சைக்கிளுக்கும்தான். ஊரே சேர்ந்து செய்யும் தப்பை நம்பித்தான் நாங்கள் வேலை செய்தோம்.

கோடு விழுந்த பிறகு இன்னும் மோசம். கோட்டைக் கண்டதும் அதை வண்டிக்கு அடியில் சரியாக நடுவில் விட்டு ஓட்ட ஆரம்பித்தார்கள். பெயிண்ட் காயாத இடத்தில் இறங்கி அரை மைலுக்கு டயர்த் தடம் வைத்துப் போனான் ஒரு லாரிக்காரன். அடுத்த நாள் டீக்கடையில் அவனையே பிடித்துவிட்டேன்.

"கண்ணு தெரியலையா ஒனக்கு? கோட்டு மேலயே போற?"

அவன் சிரித்தான். "பின்ன எதுக்கு மக்கா போட்டிருக்கு? ரயிலுக்குத் தண்டவாளம் ரெண்டு. எங்களுக்கு ஒண்ணாவது போட்டுத் தந்தாவளேன்னு நெனச்சேன்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அங்கே யாரோடும் ஒட்டவில்லை. தம்பானூருக்குப் பின்னால் ஓர் அறையில் ஆறு பேர் படுத்தோம். ஐந்து பேர் ஹோட்டலில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள், அவர்கள் பேச்சு அவர்களுக்குள். பகல் முழுக்க ரோட்டில் ஆயிரம் முகம் என்னைத் தாண்டிப் போகும். பஸ்ஸில் இருப்பவர்கள் பந்தக்காலைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எனக்கென்று இருந்தது அந்தக் கயிறுதான். சில நேரம் அவர் பக்கத்திலிருந்து ஓர் இழுப்பு வரும். டீக்கு நேரமாகிவிட்டதா என்று அர்த்தம். நானும் ஒன்று இழுப்பேன், இன்னும் ஆகவில்லை என்று. ஒரு நாளைக்கு நான் பேசிய பேச்சு சில நாள் அவ்வளவுதான்.

அன்று பாப்பனங்கோடு தாண்டி வேலை. காலை பத்து மணி இருக்கும். கறுப்பு அம்பாசிடர் ஒன்று வந்தது. எல்லாரையும்போல நடு ரோட்டில்தான் வந்தது. நான் கொடியை ஆட்டினேன். ஆச்சரியம், வண்டி மெதுவானது. ஓட்டியவர் ஐம்பது வயது ஐயர், நெற்றியில் சந்தனம். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அந்த வேலையில் எனக்கு ஒருவர் தலையசைத்தது அதுதான் முதல் தடவை. நான் மூன்று முறை இழுத்தேன். அண்ணாச்சி எழுந்தார், கயிற்றை விட்டார், டின்னோடு இடது பக்கம் நடந்தார், வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமல்.

கார் ஈரக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒடித்துத் திரும்பியது. கோட்டை மிதிக்காமல் இடது பக்கம் இறங்கியது, சட்டப்படி எங்கே போக வேண்டுமோ அங்கே. ஹார்ன் அடித்தார். ஆள் விலகிவிடுவான் என்று நம்பி மறுபடியும் அடித்தார். காது கேட்கிற எவனும் குதித்து விலகியிருப்பான். நான் கயிற்றை இழுத்தேன். வெறும் கயிறு என்னிடம் வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

பெரிய சத்தம்கூட இல்லை. டின் உருண்டது. வெள்ளைப் பெயிண்ட் ரோடு முழுக்க ஓடியது. அண்ணாச்சியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

அந்த ஐயர் வேட்டி தடுக்க ஓடி வந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன்.

"ஈரப் பெயிண்டுன்னு தெரிஞ்சுது. மிதிச்சா பாழாயிடுமேன்னு ஒதுங்கினேன். அந்தப் பக்கந்தானே போகணும்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் காரிலேயே அண்ணாச்சியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின் சீட் முழுக்க ரத்தமும் பெயிண்டும். ஐயர் அதைப் பார்க்கவே இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எங்கள் இருவரையும் நிறுத்தினார்கள். மேஸ்திரியும் வந்திருந்தார்.

உண்மையைச் சொல்லச் சொல்லி ஏட்டு என்னை மலையாளத்தில் கேட்டார். "ஹோர்ன் அடிச்சோ இல்லயோ? சத்யம் பற."

மேஸ்திரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்தார் என்று சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் விலகவில்லை? அதோடு காது வெளியே வந்துவிடும். அண்ணாச்சிக்குக் காலும் போய் வேலையும் போய், தப்பும் அவர் மேலேயே விழும். காதை மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"அடிக்கல" என்றேன்.

ஐயர் திரும்பினார். "அடிச்சேனேப்பா. ரெண்டு தரம் அடிச்சேனே."

நான் தரையைப் பார்த்தேன். "இல்ல. அடிக்கல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சேன்னுதான் ஞாபகம்" என்றார். பிறகு மெதுவாக, "பதட்டத்துல அடிக்கலையோ என்னமோ. இவர் பக்கத்துல நின்னவர். இவருக்குத்தான் தெரியும்."

ஏட்டு எழுதிக்கொண்டார்.

ஈரப் பெயிண்டில் ஏறி இறங்கியவன், வளைவில் முந்தியவன், என் கொடியைத் தட்டிவிட்டுப் போனவன் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். எவன் மேலும் கேஸ் இல்லை. அந்த வேலையில் நான் மாட்டிவிட்டது ஒரே ஒரு ஆளை. அவர் மட்டும்தான் ஒழுங்காகப் போனவர்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் மாவுக் கட்டு. கால் தப்பிவிட்டது, ஆனால் இனிமேல் குந்தி உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஊரிலிருந்து அவர் மனைவி வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி என்னை அருகில் கூப்பிட்டார். காது கேட்காதவர்கள் ரகசியம் பேசினாலும் வார்டு முழுக்கக் கேட்கும்.

"ஏல, உண்மையச் சொல்லு. ஆரன் அடிச்சானா அவன்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அவர் முகம் தெளிந்தது. மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? நாந்தான் சொன்னேம்லா. என் காதுனால இல்ல."

அந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஓர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். தின்றேன். பிறகு அண்ணாச்சியை நான் பார்க்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார்.

ஐயரைப் பார்த்தேன். ஒரு வருடம் இருக்கும். நான் வேறு வேலைக்கு மாறியிருந்தேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் குடையோடு நின்றார். திரும்பியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அவர் நடக்கறாரா?"

"நடக்காருன்னு சொன்னாங்க."

"ஈசுவரா" என்றார். நான் கேட்காமலே சொன்னார். "காரை வித்துட்டேன். அடிச்சோமா அடிக்கலையான்னே தெரியாதவன் ஓட்டப்படாது, பாருங்கோ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. பஸ் வந்தது. அவர் படியில் ஏறி, உள்ளே தள்ளி நின்று, எனக்கு இடம் விட்டு, "ஏறுங்கோ" என்றார். நான் ஏறவில்லை. கண்டக்டர் என்னைத் திட்டிவிட்டு மணி அடித்தார். தம்பானூருக்கு நடந்தே போனேன்.