பின் சக்கரத்து ஈரம்

எங்கள் குடியிருப்பில் எனக்கென்று தனிப் பெயர் கிடையாது. 'ஜீப் மேடம் வீட்டுக்காரர்' என்றால்தான் வாசல் காவலாளிக்கே என்னைத் தெரியும். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சின்னதாக ஒரு காரை வாங்கி உறை போட்டு மூடி வைத்திருந்த காலத்தில், என் மனைவி நான்கு சக்கரமும் இழுக்கிற பெட்ரோல் ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். வாங்கப் போகிறேன் என்று என்னிடம் சொன்னாள். வாங்கலாமா என்று கேட்கவில்லை.

மத்திய அரசில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதையும் பாதியில் விடமாட்டாள். ஆயுத பூஜை அன்று மற்றவர்கள் வண்டிக்கு முன்னால் ஒரு பொட்டு, ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு என்று முடித்துக்கொண்டு சுண்டலுக்குப் போய்விடுவார்கள். இவள் ஜீப்புக்கு அடியில் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். உருளுகிற, திருகுகிற, மூடுகிற ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைப்பாள். ஒன்றுக்கு வைத்து ஒன்றை விட்டால் விட்டது கோபித்துக்கொள்ளுமாம். சந்தனக் கிண்ணத்தை அடியில் நீட்டுவது என் வேலை.

போன குளிர்காலத்தோடு ஜீப்புக்குப் பதினைந்து வயது முடிந்தது. அதற்குமேல் பெட்ரோல் வண்டிக்குத் தில்லியில் இடமில்லை. பழைய இரும்புக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். என் மனைவிக்கு ஒரே தங்கை. உத்தராகண்ட் மலையில் ஒரு சின்ன ஊரில் மருத்துவராக இருக்கிறாள். வீடு மேலே, வேலை பார்க்கும் இடம் கீழே பள்ளத்தாக்கில். தினமும் காலையில் வளைந்து வளைந்து இறங்கியாக வேண்டும். ஜீப் அவளுக்கு என்று முடிவாகி, வெளி மாநிலத்துக்கு மாற்ற அனுமதியும் வாங்கிவிட்டோம். அப்போதுதான் இடது பின் சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருப்பதை இவள் கவனித்தாள்.

பிரேக்கை மிதித்தால் வண்டி வலது பக்கம் இழுத்தது. சக்கரத்தைக் கழற்றி, அதற்குள் கவிழ்த்த சட்டி போல இருக்கும் டிரம்மையும் உருவிப் பார்த்தாள். டிரம்மைப் பிடித்து நிறுத்தவேண்டிய பிரேக் ஷூ இரண்டும் எண்ணெய் வடியாத போண்டா மாதிரி ஊறிக் கிடந்தன.

அடுத்த சாலையில் இருக்கும் மெக்கானிக் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: வீல் சிலிண்டர் போய்விட்டது, பிரேக் ஆயில் கசிகிறது. நல்ல மனிதர், கை சுத்தம், வாய்தான் ஓயாது. புது சிலிண்டர் போட்டார். குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற நான் உள்ளே உட்கார்ந்து அவர் சொன்னபடியெல்லாம் பிரேக்கை மிதித்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் ஈரம். மறுபடியும் சிலிண்டர். மறுபடியும் ஈரம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்ற மனிதர், மூன்றாம் தடவை கையைத் துடைத்துக்கொண்டு, "மேடம், கபாட் மே தே தோ" என்றார். பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்.

நானும் வீட்டுக்கு வந்து அதையே நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். "உன் தங்கைக்கு வேற வண்டி பார்த்துக்கலாமே."

"எங்கேருந்து ஒழுகுதுன்னே தெரியல, அதுக்குள்ள தூக்கிப் போடச் சொல்லுதீங்க" என்றாள். கல்யாணமாகித் தில்லிக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் அவள் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை. "தெரியாமலே அவகிட்டக் குடுக்கவும் மாட்டேன். அவ தெனமும் மலை எறங்குதவ. எனக்கு அவ ஒருத்திதான இருக்கா?"

நான் போய் ஜாக்கியைத் தேடி எடுத்து வைத்தேன்.

மறுநாள் மதியம், தில்லிப் புகைக்குள்ளிருந்து கொஞ்சம் வெயில் வந்ததும், வேப்பமரத்தடியில் ஜாக்கியைப் போட்டாள். உதவி செய்கிற வேகத்தில் நான் வலது சக்கரத்தின் நட்டையும் தளர்த்தப் போனேன்.

"அதத் தொடாதீங்க. ஒண்ணப் பிரிச்சா இன்னொண்ணு முழுசா இருக்கணும். எந்த ஸ்பிரிங் எங்க மாட்டுததுன்னு சந்தேகம் வந்தா யாரப் போய்க் கேப்பீங்க?"

அவள் எப்போதும் அப்படித்தான். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். நான் ஸ்பானரை வைத்துவிட்டேன். அவள் மாடிக்குப் போய் இரண்டு டபராவில் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டும் நான் காப்பி குடிக்கிற டபராக்கள். ஒன்றில் புது பிரேக் ஆயிலில் ஒரு சொட்டு விட்டாள். கலக்கியதும் தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று. மற்றதில் டிரம்முக்குள்ளிருந்து வழித்த சொட்டை விட்டுக் கலக்கினாள். அது கலக்கக் கலக்க மேலே வந்து வட்டமாக நின்றது. விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு என் மூக்கருகே நீட்டினாள். பழைய பெருங்காய டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது.

"இது பிரேக் ஆயிலே இல்ல. ஆக்சிலுக்குள்ள இருக்க கியர் ஆயில். சக்கரம் வரைக்கும் வந்து பிரேக்ல கொட்டுது. சிலிண்டர் மேல ஒரு தப்பும் இல்ல."

நிரபராதியை விடுதலை செய்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது. டபரா இரண்டும் அதன்பிறகு அடுக்களைக்குத் திரும்பவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக் "அச்சா!" என்று உற்சாகமாகிவிட்டார். பின் சக்கரத்தைச் சுழற்றுகிற ஆக்சில் தண்டை உருவி, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ஆயில் சீலை மாற்றினார். இடது பக்கம் முடிந்த பிறகே வலது பக்கம். இவள் பக்கத்திலேயே நின்றாள். வீட்டில் அன்று பாயசம் வைத்தோம்.

பாயச வாசனை போவதற்குள் இடது சக்கரம் மறுபடி நனைந்தது. இந்தத் தடவை வலதும் சேர்ந்துகொண்டது. அனுமதியின் கெடு முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கை வேறு தொலைபேசியில், "அக்கா, கஷ்டப்படாத, நான் வாடகை வண்டியில போய்க்கிடுதேன்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். போதாதற்குக் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் வந்து தரையில் எண்ணெய்க் கறை என்று விரலை நீட்டினார். அவர் வீட்டுக் கூலரிலிருந்து கோடை முழுவதும் எங்கள் தலையில் தண்ணீர் சொட்டியதை நான் விலாவாரியாக நினைவூட்டினேன். எனக்கு யார்மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது.

மெக்கானிக், சீல் போலிச் சரக்கு என்றார். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு புது சீலும் ஒண்ணு போலக் கெட்டுப் போவுமா? உள்ளேருந்து ஏதோ தள்ளுது" என்றாள்.

தள்ளுவது எதுவாக இருந்தாலும் சூட்டில்தான் தள்ளும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஜீப்பை நொய்டாப் பக்கம் நன்றாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, சூட்டோடு சூடாக விரிப்பைப் போட்டு அடியில் நகர்ந்தாள். கம்பளிக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. மெக்கானிக்கும் வந்து நின்றார். உள்ளேயிருந்து ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நீளமாக ஒரு 'புஸ்'. பிறகு ஒன்றுமே இல்லை. பாதங்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப்போய்க் குனிந்தேன். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து உள்ளங்கையை விரித்தாள். கட்டியாக, ஏடு ஏடாக, மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக ஏதோ இருந்தது.

ஓடுகிறபோது ஆக்சில் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும். அது வெளியே போவதற்கு ஆக்சிலின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மூடி உண்டு. பிரீதர் என்பார்கள், ஆக்சிலுக்கு அதுதான் மூக்கு. அந்த மூக்குக்கும் என் மனைவி வருடம் தவறாமல் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்திருக்கிறாள். தில்லிப் புழுதி அதில் சேர்ந்து சிமென்ட்டாக இறுகிவிட்டது. மூச்சு விட வழியில்லாத காற்று எண்ணெயைச் சக்கரப் பக்கமாகத் தள்ளியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

மெக்கானிக் எட்டிப் பார்த்து, இது என்ன மேடம் என்று இந்தியில் கேட்டார்.

"பூஜா கா சந்தன். மைனே லகாயா" என்றாள். பூஜைச் சந்தனம், நான்தான் வைத்தேன் என்கிறாள். குரலில் ஒரு குழைவு இல்லை, தயக்கம் இல்லை. ஒரு தவறுக்கு ஒன்பது பேரைக் காட்டுகிற பெரிய அதிகாரிகளோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். புழுதி அடைத்திருந்தது என்று சொல்லியிருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் அந்தக் கட்டியை அவர் கையிலேயே வைத்தாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, பிரசாதம்போல அதை நெற்றிக்குக் கொண்டுபோனார். எனக்கு அப்போது அவள்மேல் வந்த பெருமையை அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். "சும்மா இருங்க, வேலை கெடக்கு" என்றாள்.

மறுபடி சீல்கள் மாற்றினார்கள். எண்ணெய் குடித்த ஷூக்களைப் பெட்ரோலில் கழுவித் தேய்த்தால் ஓடும் என்றார் மெக்கானிக். இவள் வேண்டவே வேண்டாம் என்று புதிது போட வைத்தாள். தில்லியில் மலைக்கு எங்கே போவது? மேம்பாலம் மேம்பாலமாக ஏறி இறங்கினாள். இறங்கிய ஒவ்வொரு முறையும் ஓரமாக நிறுத்தி, நான் சக்கரத்தின் உள்பக்கம் கைவிட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தது. மறுநாளும் காய்ந்திருந்தது.

கெடு முடியுமுன் இரண்டு பேருமாக ஜீப்பை மலைக்குக் கொண்டுபோனோம். தங்கை சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் காத்திருந்தாள். குடும்பமே அப்படித்தான் போலிருக்கிறது.

"முன்னாடி வையி, ஸ்டியரிங்ல வையி" என்றாள் என் மனைவி. "கீழ மட்டும் குனியாத. அது மூச்சு விடட்டும்."

அடுத்த நாள் காலை தங்கை ஜீப்பில் வேலைக்குக் கிளம்பினாள். மேலே சாலையோரச் சுவரருகே நாங்கள் நின்று பார்த்தோம். ஒவ்வொரு வளைவிலும் பின்விளக்கு சிவப்பாக எரிந்து அணைந்தது. என் மணிக்கட்டை என் மனைவி பிடித்திருந்த பிடியில் கை மரத்துவிட்டது. கடைசியில் பள்ளத்தாக்குப் பாலத்தருகே, மருத்துவமனை வாசல் மரத்தடியில் ஜீப் நின்றது. தங்கை இறங்கிப் பின்பக்கம் குனிவது சின்னதாகத் தெரிந்தது. கைப்பேசி அடித்தது.

"அக்கா, காஞ்சிருக்கு."

"வலது பக்கமும் பாரு."

"பாத்துட்டேன்க்கா. ரெண்டும் காஞ்சிருக்கு. நான் உள்ள போறேன், ஆளுங்க காத்திருக்காங்க."

பேச்சு முடிந்தபிறகும் என் மனைவி கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கீழே மரத்தடியில் நிற்கிற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாம எப்படி வீட்டுக்குப் போவுதது? பஸ் எத்தன மணிக்கு?"