சூசையின் மண்

ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகர்ந்து பார்க்கிறார் சூசை. "நம்மளதுதான்" என்கிறார். பிறகு மீன் சுமக்கும் கடவத்தில் அள்ளி நிறைத்து சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டுகிறார். இத்தனையும் நடப்பது அடுத்த ஊர்க் கடற்கரையில், அந்த ஊர்க்காரர்களின் கண்முன்னால்.

இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். அலையைத் தடுக்க அடுத்த ஊரில் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினார்கள். அன்றுமுதல் கடல் அங்கே மணலைச் சேர்க்கிறது, சூசையின் ஊரில் கரையைத் தின்கிறது. தென்னைகள் போயின. வலை காயப்போடும் இடம் போயிற்று. இப்போது சூசையின் அடுக்களைச் சுவரில் அலை அடிக்கிறது.

"கடலு கள்ளன். கள்ளன் கொண்டு வச்ச எடம் தெரிஞ்சா போயி எடுக்கப்பிடாதா?" என்று என்னிடம் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஊருக்கும் அந்த மணல் தொல்லைதான். வள்ளம் ஏற வழியில்லாமல் துறையை அடைத்துக் கிடக்கிறது. ஆனாலும் ஒரு பிடி தருவதில்லை என்று ஊர்க் கமிட்டி தீர்மானம் போட்டது. அதைச் சொல்ல வந்தவன் சூசையின் மகளைக் கட்டிய அந்த ஊர் மருமகன் வினோஜ்.

"மாமா, நாலு பேரு சிரிக்கானுவ."

"சிரிக்கட்டும் மக்கா. அவனுவளுக்கு நின்னு சிரிக்கக் கரை கெடக்கு. நீ இந்தப் பக்கம் பிடி."

பாவம், கடவத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டுத்தான் போனான்.

காலையில் சுவரோரம் கொட்டுவதைச் சாயங்காலத்துக்குள் கடல் மறுபடியும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடும். அதே மணலையே சுமக்கிறீரோ என்று கேட்டேன். "வழி பழகின மண்ணு. கூப்பிட்டா வந்திரும்" என்றார், சிரிக்காமல்.

போன வாரம் அடுக்களைச் சுவர் பிளந்தது. மகள் ஜெர்லின் தூக்குச்சட்டியோடு ஓடி வந்தாள். "அப்பா, எங்க வீட்டுல வந்து இரும். அங்கதான் கரை கெடக்கே" என்று அழுதாள். அவர் அசையவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து நீட்டினாள். புருஷன் வீட்டு முற்றத்திலிருந்து அள்ளிய மணல், வாய்வரை இருந்தது.

சூசை அதைப் பழைய பேப்பரில் கொட்டினார். கண்ணாடியை ஏற்றினார், முகர்ந்தார், விரலால் இரண்டாகப் பிரித்தார். ஒரு குவியலைச் சுவரின் பிளவில் திணித்தார். மற்றதைத் தூக்குச்சட்டியில் திரும்பக் கொட்டி, மூடியை அழுத்தி மூடினார்.

"இது மாப்பிளைக்க ஊரு மண்ணு ஏட்டி, நமக்கு வேண்டாம்" என்று அவள் கையில் மாட்டிவிட்டார்.