இடப்பக்கம் போகாதவர்

எங்கள் தெருவில் டிவி, ரேடியோ பழுதுபார்த்தவரை எல்லோரும் சாம்பியன் என்றுதான் கூப்பிட்டார்கள். கடையின் ஒரு மூலையில் வீடியோ கேம் வைத்திருந்தார். தவளை ஒன்று ஓடி, தாவி, கோட்டை கோட்டையாகப் பிடிக்கும் ஆட்டம். அதன் முதல் பாகத்தைத் தெருவில் முதலில் முடித்தவர் அவர்தான். பட்டப்பெயர் அப்படி வந்தது. அதைக் கல்யாணப் பத்திரிகையில் போட விடவில்லை என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

இரண்டாம் பாகத்தின் கேசட் வந்ததும் நான்காவது கோட்டையில் மாட்டிக்கொண்டார். மூன்றாவது என்று சிலர் சொல்வது தவறு. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வலப்பக்கம் வழியை அடைத்து ஒரு சுவர். தவளை தாவியது, முட்டியது, செத்தது. சுவர் அசையவில்லை.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், பேக்கரி வேன் ஓட்டுபவர். முதல் பாகத்தைத் தொட்டதே இல்லை. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறவர், சமையல் முடியும்வரை கேமில் உட்காருவார். ஒரு ஞாயிறு அவரும் நான்காவது கோட்டைக்கு வந்தார். வந்ததும் தவளையை இடப்பக்கம் நடத்தினார். திரையும் கூடவே நகர்ந்தது. பின்னால் ஒரு மரம், மரத்தோடு ஓர் ஏணி. அதில் ஏறி, மேல்வழியாகச் சுவரைத் தாண்டிவிட்டார்.

முதல் பாகத்தில் திரை பின்னால் நகராது. தாண்டியது தாண்டியதுதான். அதில் பழகிய சாம்பியனுக்கு அந்தப் பக்கம் ஒன்று இருக்கும் என்ற நினைப்பே வரவில்லை.

"எப்படிப்பா போனே?"

"வேன் ஓட்டறவனுக்கு ரிவர்ஸ் தெரியாதா அண்ணே?"

சாம்பியன் சிரித்தார். காதில் புகை வந்தது.

அதன்பிறகு சகலை வரும்போதெல்லாம் டிவி சூடாகியிருக்கும், அல்லது கேசட்டில் தூசி இருக்கும். "ஊதினா சரியாயிடும்ணே" என்று அவரே ஊதி மாட்டிக்கொள்வார். இப்படியே கடைசிக் கோட்டைக்கும் போய்விட்டார். அங்கே அகலமான நெருப்புக் குழி. அதைத் தாண்டும் வித்தை முதல் பாகம் ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

"இதை எப்படித் தாண்டறது அண்ணே? நீங்க சொன்னா முடிச்சிடுவேன்."

"தாண்டவே முடியாது. கேசட் டூப்ளிகேட்."

சாப்பிடக் கூப்பிட வந்த சாம்பியனின் மனைவி கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார். "ஓடற பட்டனை விடாதீங்க தம்பி. கால் ஓரத்துக்கு வந்தப்புறம் தாவுங்க."

"அக்கா, நீங்க எப்ப ஆடினீங்க?"

"நான் எங்க ஆடினேன். கல்யாணமான நாள்லேர்ந்து உங்க அண்ணன் தூக்கத்துல இதைத்தானே சொல்றாரு."

தவளை குழியைத் தாண்டியது. இரண்டாம் பாகம் முடிந்து, திரையெல்லாம் வாணவேடிக்கை.

"நீ யார் பக்கம்?" என்றார் சாம்பியன், மனைவியிடம்.

"சாப்பாடு பக்கம். ஆறிட்டிருக்கு."

தெரு அந்த வாரமே பட்டப்பெயரைச் சகலைக்கு மாற்றிவிட்டது. இவர் பழைய சாம்பியன் ஆனார்.

கடையை விற்கும்வரை அவர் இரண்டாம் பாகத்தை முடிக்கவில்லை. ஏணி எங்கே என்று தெரியும். ஆனால் அதில் ஏறினால் சகலை போன வழியில் போனதாகிவிடுமே. அதனால் வலப்பக்கச் சுவரிலேயே தவளையை முட்டவிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கமும் ஒரு வழி இருக்கு. அவன் பார்க்கலை" என்பார். தெருமுனையில் வேன் சத்தம் கேட்டால் டிவியை அணைத்துவிடுவார்.