தலைப்பெழுத்து

எட்டு வருஷம் ஒரு பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் அடித்துக் கொடுத்துப் பிழைத்தேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆக நினைப்பவர்கள் பரீட்சைக்கு முன் இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தார்கள் என்று நாங்கள் சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாமல் பரீட்சை ஹாலுக்குள் கால் வைக்க முடியாது. தூத்துக்குடியில் துறைமுகம் போகிற ரோட்டில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் நிலையம். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். வகுப்பு எடுத்ததும் நான்தான், வருகைப் பதிவேடு எழுதியதும் நான்தான்.

எழுதியது என்றால் நிஜமாகவே எழுதியது. முப்பது பேர் பேட்ச்சில் பத்துப் பேர் வந்தால் அதிகம். மிச்ச இருபது பேருக்கும் நானே விதவிதமான பேனாவில், விதவிதமான சாய்வில் கையெழுத்துப் போடுவேன். அதில் ஒரு கைத்தேர்ச்சி வந்து, எனக்குள் பெருமைகூட இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

ஒரு பேட்ச்சில் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவள் ஒரே ஒருத்திதான். திருச்செந்தூர்க்காரி, நாற்பது வயதிருக்கும். கோயில் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் பதினைந்து வருஷம் நின்றே வேலை பார்த்ததில் காலில் நரம்பு சுருண்டுவிட்டது. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக் கிளையில் மாதச் சம்பளத்துக்குப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பரீட்சை தேறினால் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. அதை நம்பிக் கடை வேலையை விட்டுவிட்டாள். முதல் பஸ்ஸில் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்து, நான் அளக்கிற கதையையும் சேர்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"பாஸாயிருவேனா சார்?" என்று தினமும் கேட்பாள்.

"நீங்க ஆவாம வேற எவ ஆவா?" என்பேன். மனதாரத்தான் சொன்னேன்.

சான்றிதழ் அடிக்கிற அன்று அவள் சேர்க்கைப் படிவத்தை எடுத்தேன். பெயருக்கு முன்னால் எஸ் என்று அப்பா இனிஷியல். கணவர் பெயர் என்ற இடத்தில் எம்மில் தொடங்கும் ஒரு பெயர். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இனிஷியலை மாற்றத் தெரியவில்லை பாரேன் என்று எனக்கு ஓர் இளக்காரம். அடையாள அட்டை நகல் அடுத்த தாளில்தான் இருந்தது. அதைப் புரட்டவில்லை. நானாகவே எம் என்று திருத்தி அடித்தேன். உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. சான்றிதழ்களை நாங்களே கட்டாகப் பரீட்சை மையத்துக்கு அனுப்பிவிடுவதால் அவள் கண்ணில் அது படவில்லை.

திருநெல்வேலி மையத்தில், அட்டையில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயரும் இருக்கிறது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத இருபது பேரும் உள்ளே போய் எழுதினார்கள். அவர்கள் சான்றிதழில் ஒரு புள்ளிகூடப் பிசகில்லை.

மறுநாள் மாடியேறி வந்தாள். "எம்முன்னு எப்படி சார் வந்துச்சு? என் கார்டுல எஸ்ஸுதான இருக்கு?" என்றாள். சத்தம் போடவில்லை. பார்த்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. திருத்தின சான்றிதழ் கையில் இருந்தால் போதும், இன்னொரு தேதியில் எழுதிவிடலாம்.

ஒரு பெரிய பயிற்சிக் கம்பெனியின் கிளையாக நிலையத்தை நடத்திய முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். என் தப்புதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

"திருத்தணும்னா ஹெட் ஆபீசுக்கு எழுதணும் அண்ணாச்சி. எழுதுனா பதிவேட்டக் கொண்டாம்பான். நீங்க போட்ட கையெழுத்தெல்லாம் அவன் பாக்கணுமா?" என்றார். அவரே வழியும் சொன்னார்: "படிவத்துல அந்தம்மாதான் தப்பா எழுதிட்டாவன்னு மையத்துக்கு ஒரு லெட்டர் அடிங்க. அந்தம்மாவுக்கும் ஒரு நகல் குடுங்க. அடுத்த பேட்ச்சுல வந்து உக்காரட்டும்."

அடுத்த பேட்ச் என்றால் அந்த நாற்காலி போய்விடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி ஏசலாம் என்றால், கடிதத்தை அடித்தது என் கை. அவள் படிவத்தை நாலாகக் கிழித்ததும் என் கைதான்.

கடிதத்தின் நகலை வாங்க வந்தவள் நின்றுகொண்டே படித்தாள். உட்காரச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"எஸ்ஸுன்னு எழுதுன மாதிரிதான் ஞாபகம் சார்."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள்.

"சேந்த அன்னைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு பறந்துக்கிட்டு எழுதுனேன். எம்முன்னு போட்டுட்டேன் போல. ஒங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க சார்."

"பரவாயில்லம்மா" என்றேன். "இனிமேயாவது பாத்து எழுதுங்க."