ஈயக்குண்டு கட்டிய மாடு

எதிர்வீட்டு ருக்குவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாலே எனக்கு வயிறு எரியும். பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்தில் அவளைப்போலக் கூடை சுமந்தவள் கிடையாது. புருஷன் போனபின் மீன் விற்றே மகன் லோகேஷை வளர்த்தாள், வலை வாங்கித் தந்தாள், கல்யாணமும் பண்ணிவைத்தாள். ஒருநாள் மீன் பிரிக்கும்போது கெளுத்தி முள் வலது உள்ளங்கையில் ஏறியது. கை சீழ்பிடித்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அதோடு கூடையும் போச்சு, தொழிலும் போச்சு.

அன்றிலிருந்து மருமகள் நந்தினியின் பேச்சு மாறியது. "சும்மா குந்திக்கினு துன்றதுக்கு இது இன்னா சத்திரமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். லோகேஷ் தலை நிமிராமல் வலை பின்னிக்கொண்டிருப்பான். நல்ல பிள்ளை! வலை பின்னக் கை போதும், காது எதற்கு?

ருக்கு தன் கம்மலை விற்று ஒரு செவலைக் கிடாரி வாங்கினாள். அது கன்று போட்டுப் பால் கறந்தால்தான் அந்த வீட்டில் அவளுக்குச் சோறு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தட்டில் விழுகிற சோற்றைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.

செவலையோ சினை நிற்கவே மாட்டேன் என்றது. எத்தனையோ முறை சினை ஊசி போட்டும் பலனில்லை. அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க் கல்லூரியிலிருந்து அர்ச்சனா என்ற மாட்டு டாக்டர் ஆராய்ச்சிக்கு வந்தாள். ஏரிக்கரை மாடுகள் ஏன் சினை பிடிப்பதில்லை, கன்று போட்ட பிறகு அவற்றின் கருப்பை ஏன் கெட்டுப்போகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு மாட்டுக்குள் கையை விடுவாள். சின்னப் பெட்டி ஒன்றில் கருப்பையைப் படமாகப் பார்ப்பாள். எங்கள் ஆம்பளைகள் கூடி நின்று இளித்தார்கள். ருக்கு மட்டும் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"மாட்டுக்குச் சத்து கொறச்சல்மா. இந்தத் தாது உப்பைத் தீவனத்துல கலந்து குடுங்க" என்று அர்ச்சனா பொட்டலம் தந்தாள். அடுத்த ஊசிக்கே செவலை சினை நின்றது. ருக்கு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான்.

கன்று பொட்டைக் கன்று. ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை. பாதி உள்ளே நின்று, பாதி வெளியே தொங்கியது. ருக்கு அர்ச்சனாவுக்குப் போன் போட்டாள்.

"யாரும் தொடாதீங்கம்மா, இழுக்காதீங்க. வேற ஊர்ல இருக்கேன், நாளைக்குக் காலைல மொத வேலையா வந்துடறேன்" என்றாள் அர்ச்சனா.

மறுநாள் விடிந்தால் லோகேஷின் பாடு. ஏரியில் இன்னார் இன்ன நாள் வலை போடலாம் என்ற முறையைத்தான் பாடு என்போம். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை கரையில் உட்கார வேண்டியதுதான். தீட்டு வீட்டிலிருந்து வலை எடுத்துப் போனால் இறால் விலகிப் போய்விடும் என்றும் எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. கொடி தொங்கும் மாடு வாசலில் நின்றால் தீட்டு, கொடி விழுந்தால் தீட்டு கழிந்தது.

சாயங்காலம் லோகேஷ் பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அறுத்துக் கயிற்றில் கோத்தான். கொடியின் நுனியில் கட்டப் போனான்.

ருக்கு ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "வோணான்டா லோகேஷு. தொடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சிடா. உன் கால்ல வேணா வுழறேன்டா."

"அது வர்ற வரிக்கும் என் பாடு காத்துங்கெடக்குமா? அந்தாண்ட போ" என்று தள்ளிவிட்டான். அவள் சாணியில் விழுந்தாள்.

குண்டுகளைக் கட்டி மாட்டை நடத்தினான். ஒவ்வொரு அடிக்கும் ஈயம் ஆடி இழுத்தது. செவலை போட்ட கத்தல் இப்போதும் என் காதில் இருக்கிறது. கடைசியில் கொடி அறுந்து விழுந்தது. அவன் அதைப் புதைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, விடியும் முன்னே வலையோடு போனான். அன்றைக்கு என்று இறால் அள்ளிக்கொண்டு வந்தது, பாருங்கள். அந்தத் தெய்வத்தை நான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அர்ச்சனா வந்து பார்த்தாள். பாதிக் கொடி அறுந்து உள்ளேயே தங்கியிருந்தது. "யாரும்மா இழுத்தது?" என்று கேட்டாள்.

"தானாத்தான் வுழுந்துச்சிமா" என்றாள் ருக்கு. பெற்ற வயிறு அல்லவா, மகனைக் காட்டிக்கொடுக்க வரவில்லை.

அர்ச்சனா ஊசி போட்டாள், கருப்பைக்குள் மாத்திரை வைத்தாள், திரும்பத் திரும்ப வந்தாள். செவலைக்குக் காய்ச்சல் ஏறியது, நாற்றம் தெருவைத் தூக்கியது, மடி வற்றியது. கன்றும் செத்தது. கொஞ்ச நாள் கழித்துப் பெட்டியில் பார்த்துவிட்டு அர்ச்சனா மெல்லச் சொன்னாள். "உள்ள எல்லாம் ஒட்டிப்போச்சும்மா. இனிமே சினை நிக்காது." நந்தினி வாசலில்தான் நின்றிருந்தாள். அன்றே அடிமாட்டுத் தரகர் தசரதனுக்கு ஆள் போனது.

அர்ச்சனா தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள். "வெட்டுற எடத்துல கருப்பைய மட்டும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கட்டுமா? ஏன் கெட்டுச்சுன்னு தெரிஞ்சா மத்த மாடுங்களக் காப்பாத்தலாம்மா."

ஏன் கெட்டது என்று ருக்குவுக்குத் தெரியாதா? "எடுத்துக்கமா" என்றாள்.

வண்டி வந்தபோது செவலை ஏற மறுத்தது. தசரதன் வாலை முறுக்கினார். லோகேஷ் கழியால் அடித்தான். அது அசையவில்லை.

"எம்மா, நீ மேல ஏறிக் கூப்டு. உனுக்குன்னா வரும்" என்றான் லோகேஷ்.

ருக்கு ஏறிக் கூப்பிட்டாள். செவலை தலையை ஆட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறியது. அவள் இறங்கத் திரும்பியபோது நந்தினி வீட்டுக்குள்ளிருந்து ஒரு துணிப்பையை எடுத்துவந்து வண்டியில் வைத்தாள்.

"வண்டி காட்டூர் வழியாத்தான் போவுது, அத்த. அப்டியே உங்க தங்கச்சி வூட்டாண்ட எறங்கிக்கங்க."

ருக்கு மகனைப் பார்த்தாள். அவன் வண்டியின் பின்கதவைத் தூக்கிக் கொக்கியை மாட்டினான்.