முன் சில்லுக்குப் பிடிப்பு

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில், தமிழரை அடித்த கலவரத்துக்குத் தப்பி, அண்ணை கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு பையும் இல்லை. அவருடைய கார் தைப்பொங்கல் கழிந்துதான் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் அண்ணையோடு கொழும்பில் ஒரே கராஜில் வேலை செய்த சிங்களச் சிநேகிதர். தனியாகக் காரை ஓடிக்கொண்டு எங்கள் ஊர் கொக்குவில்வரை வந்து, வழி கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுப் படலையைக் கண்டுபிடித்திருந்தார். அம்மா இலையில் சோறு போட்டாள். அவர் அண்ணையிடம் பழகிய அரைகுறைத் தமிழில், "அம்மா, கறி நல்லம். உறைப்புக் கொஞ்சம் கூட" என்று கண்ணைத் துடைத்தார். அடுத்த நாள் காலை ரயிலேறிப் போய்விட்டார். புகையிரதம் மறைந்த பிறகும் அண்ணை மேடையில் நின்றார். வீட்டுக்கு வந்தவர் காரின் பக்கம் திரும்பவே இல்லை.

அது பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்ன ஜப்பான் கார். பார்வைக்குச் சாது. ஆனால் அண்ணை அதன் எஞ்சினைப் பிரித்து, போட்டிக் கார் போல மாற்றியிருந்தார். எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து ஊட்டும் காபரேற்றர் ஒன்றுக்கு இரண்டு. இரண்டாவதற்கு இடம் வேண்டுமென்று பற்றரியைப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். சாவியைத் திருப்பினால் வீட்டு முன் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். கார் ஓடும் லைசென்ஸ் இருந்தது. ஐயாவுக்கு, எங்கள் தகப்பனாருக்கு, நீரிழிவால் காலில் ஆறாத புண். கிழமைக்கு இரண்டு தரம் மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ்சில் அவரை ஏற்றி இறக்குவது பெரும்பாடு.

"அண்ணை, காரைக் கொண்டு போவமே?" என்று கேட்டேன்.

"நீ கொண்டு போ."

"நீங்கள் ஓடேல்லையோ?"

"எனக்கு அதுக்கை இருக்க ஏலாது."

அந்தக் காலத்தில் அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை கதைத்தால் அதிகம். வேலைக்கும் போகவில்லை. நகரத்துக் கராஜ்காரர் ஒருவர் இரண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். பதில் சொல்லவில்லை.

ஆக, நான் ஓடினேன். தார் ரோட்டில் காய்ந்த நாட்களில் சமாளித்தேன். சந்தியில் கொஞ்சம் அவசரமாக எடுத்தால் முன் சில்லுகள் கிறீச்சிட்டுச் சுழலும், ஸ்ரியறிங் கையை உதறும். "மாட்டைப் போலை இழுக்குது பிள்ளை" என்பார் ஐயா. அந்தக் காரில் எஞ்சின் முன் சில்லுகளைத்தான் உருட்டும். வேகமாக எடுக்கும்போது காரின் பாரமோ பின்பக்கம் சாய்ந்துவிடும். இழுக்க வேண்டிய சில்லு லேசாகி, நிலத்தைப் பிடிக்காமல் சும்மா சுழலும். பௌதிகப் பாடத்தில் நானே படிப்பித்த சங்கதிதான். ஆனாலும் என் காலுக்கு அது விளங்கவில்லை.

மாரி தொடங்கி, எங்கள் செம்மண் ஒழுங்கை களியாகியது. ஐப்பசியில் ஒரு மத்தியானம், ஐயாவை மருந்து கட்டக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டு, ரோட்டுக்குப் போகும் ஒழுங்கை ஏற்றத்தில் ஏறினேன். முன் சில்லு சுழன்றது. நான் பயத்தில் இன்னும் மிதித்தேன். மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டுத் தென்னோலைக் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு கார் உள்ளே போய் நின்றது.

பக்கத்து வீட்டு மாமி குடையோடு வந்து எட்டிப் பார்த்தா. "பிள்ளை, எங்கடை படலை அந்தப் பக்கம். வேலியாலை வரத் தேவையில்லை" என்றா. ஐயா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

சத்தம் கேட்டு அண்ணை ஓடி வந்தார். எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று கண்டதும், மழையில் நனைந்தபடி குந்தியிருந்து சில்லுத் தடத்தைப் பார்த்தார். விரலை வைத்து ஆழம் அளந்தார். பத்து மாதத்தில் அவர் காருக்கு அவ்வளவு கிட்டப் போனது அன்றுதான்.

"பிழை உன்னிலை இல்லை" என்றார். "நான் இதுக்குப் பலத்தைக் குடுத்தனான். பிடிப்பைக் குடுக்கேல்லை."

அடுத்த சனிக்கிழமை காலை மாமியின் வேலியை அடைத்துக் கொடுத்தார். மத்தியானம் காரை மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மரக்குற்றிகளில் ஏற்றிச் சில்லுகளைக் கழற்றினார். நான் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காருக்குக் கீழே படுத்திருந்தவர், நான் கேளாமலே சொல்லத் தொடங்கினார்.

"கலவரத்திலை அண்டைக்கு என்னை இதுக்கைதான் படுக்க வைச்சவன்."

"ஆர் அண்ணை?"

"காரைக் கொண்டு வந்தவன்தான். பின் சீற்றை மடிச்சு, என்னைப் படுக்க வைச்சு, மேலை சாக்குப் போட்டு, அதுக்கு மேலை ரண்டு பழைய சில்லு. அகதி முகாமுக்குக் கொண்டுபோய் விட எண்டு வெளிக்கிட்டவன். ஒரு சந்தியிலை தமிழரைத் தேடுற கூட்டம். மறிச்சுப் போட்டாங்கள். அவன் கதை குடுத்தான். ஒருத்தன் பின்னுக்கு வந்து கதவைத் திறக்கக் கை வைச்சவன். இவன் ஒரே மிதியா மிதிச்சான்."

நட்டுத் திருகும் சாவியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கார் போகேல்லை, தங்கச்சி. என்ரை பாரம், சில்லின்ரை பாரம், பற்றரி, எல்லாம் பின்னுக்கு. முன் சில்லு நிண்ட இடத்திலேயே சுத்துது. றப்பர் எரியிற மணம். அவங்கள் சிரிச்சுக்கொண்டு கிட்ட வாறாங்கள். எனக்கு அது கேக்குது. பிறகு எப்பிடியோ பிடிச்சு இழுத்துது. பிடிச்சிருக்காட்டி அவனையும் சேத்துத்தான் முடிச்சிருப்பாங்கள். எல்லாம் நான் பலம் கூட்டி வைச்ச எஞ்சினாலை."

"இழுத்துதுதானே அண்ணை" என்றேன். அவர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். "ஓம், இழுத்துது" என்றார். பிறகு, "அந்தப் பதின்மூண்டாம் நம்பர்ச் சாவியைத் தா" என்றார்.

அந்த வேலை ஒன்றரை மாதம் நடந்தது. பற்றரிக்கு எஞ்சினின் முன்பக்க மூலையில் தகரத்தட்டு ஒட்டி, அதை முன்னுக்குக் கொண்டுவந்தார். சில்லைத் தாங்கும் இரும்புக் கைகளில் இருந்த றப்பர்கள் நைந்து போயிருந்தன. புதிசுக்கு வழியில்லை. பழைய லொறி ரயரிலிருந்து உருளை உருளையாக வெட்டி, அரத்தால் தேய்த்து அடைத்தார். போட்டிக்காகக் குட்டையாக்கியிருந்த விறைத்த ஸ்பிறிங்குகளைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் இளகியவற்றைத் தேடிப் போட்டார். "எங்கடை குண்டு குழியிலை சில்லு துள்ளாமல் நிலத்திலை நிக்க வேணும். நிண்டால்தானே பிடிக்கும்" என்றார். நூல் கட்டிப் பார்த்து இரண்டு சில்லையும் நேராக்கினார். நூலின் மற்ற முனையைப் பிடித்தது ஐயா. கதிரையில் இருந்தபடியே, "அரை நூல் இடக்கைப் பக்கம்" என்று தீர்ப்புச் சொல்வார்.

நல்ல ரயர் மட்டும் கிடைக்கவில்லை. அண்ணை கொழும்புக்குக் கடிதம் எழுதினார். வந்த பிறகு அவர் எழுதிய முதல் கடிதம் அது. இரண்டு கிழமையில் சிநேகிதர் ஆழமான வெட்டுள்ள இரண்டு ரயர்களைச் சாக்கில் கட்டி ரயிலில் போட்டுவிட்டார். யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் பாரத்தை எடுத்து, சைக்கிளின் பின்னால் ஒன்றும் கழுத்தில் மாலை போல ஒன்றுமாக அண்ணை வந்த கோலத்தைப் பார்த்து அம்மா கைதட்டிச் சிரித்தாள்.

கடைசியாகக் காபரேற்றர்கள். அவை இரண்டும் ஒன்றாகத் திறப்பதால்தான் பலம் திடீரென்று வந்து சில்லைச் சுழற்றியது. இரண்டையும் இணைத்த கம்பியில் ஒரு நீளத் துளை போட்டு, மிதியைப் பாதிவரை அமத்தும்வரை இரண்டாவது அசையாதபடி செய்தார். முதல் தரம் செய்தது இறுகிக்கொண்டது. எஞ்சின் அலறியபடி நிற்க மறுத்தது. மாமியின் கோழிகள் கூரைக்கு ஏறின. மூன்றாவது கம்பிதான் சரிவந்தது.

மார்கழியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, அண்ணை இரண்டு மூட்டை நெல்லைக் காரின் பின்னால் ஏற்றினார். அம்மாவைப் பின் சீற்றில் இருத்தினார்.

"எனக்கேன் இந்த விளையாட்டு?" என்றாள் அம்மா.

"பின்பாரம் வேணும், அம்மா."

"அப்ப நானும் ஒரு மூட்டையோ?"

நான் ஓடினேன். ஒழுங்கை ஏற்றத்தின் நடுவில், களி ஆழமான இடத்தில், கூடவே நடந்து வந்த அண்ணை வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். "இனி எடு. மெல்லமா மிதி. அது தானா நிலத்தைப் பிடிக்கும்."

மிதித்தேன். சில்லு அரைச் சுற்று வழுக்கியது. பிறகு ஏதோ கீழே கவ்வியது போல இருந்தது. ஸ்ரியறிங் கையில் அசையாமல் நின்றது. கார் நேரே ஏறித் தார் ரோட்டில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஐயா படலையடியில் தடியை உயர்த்திக் காட்டினார். அண்ணை களியில் நின்று தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். "இறங்கு" என்றார்.

இறங்கினேன். அவர் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். முகத்தில் வியர்வை. அம்மா பின்னாலிருந்து முன் சீற்றின் மேல் கையை நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஏறி அமர்ந்தார். நான் சுற்றி ஓடி மற்றப் பக்கத்தில் ஏறினேன்.

ரிவேஸில் ஒழுங்கைக்குள் இறக்கி, அதே களியில் நிறுத்தி, ஒரே மிதியாக மிதித்தார். சிவப்புச் சேறு கண்ணாடியில் அடித்தது. கார் கவ்விக்கொண்டு பாய்ந்து ஏறியது. அம்மா "முருகா" என்றாள். மூன்று தரம் செய்தார். மூன்றாம் தரம் ரோட்டில் ஏறியதும் திருப்பவில்லை. மானிப்பாய்ப் பக்கம் விட்டார். வயல்கள் இரண்டு பக்கமும் வெள்ளத்தில் மினுங்கின. "எங்கை போறம்?" என்று அம்மா கேட்க, "சும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து எத்தனை காலம்.

தை பிறந்ததும் நகரத்துக் கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். சைக்கிளில்தான் போனார், கார் ஐயாவின் காலுக்கு வேண்டும் என்றார். அந்த ஆண்டு நடுவில் புண் ஆறியது.

கொழும்புச் சிநேகிதருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதில் கம்பியையும் நீளத் துளையையும் அளவோடு கீறி வைத்திருந்தார். பதில் ஒரு மாதம் கழித்துச் சிங்களத்தில் வந்தது. அண்ணை முற்றத்தில் நின்று வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவனும் தன் காருக்கு அதே கம்பியைப் பூட்டிவிட்டானாம். முதல் தரம் அவனுக்கும் இறுகிப்போய், பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடப் போனாராம். அண்ணை சிரித்துக்கொண்டே உள்ளே போய், பேனையும் கடதாசியும் எடுத்து வந்து உடனேயே எழுத உட்கார்ந்தார்.