சாப்பிட்ட கை

“கைய காட்டுக்கா.”

திண்டிவனம் மேம்பாலத்தின் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மணி வலது கையை நீட்டுகிறார். மலர்விழி குனிந்து அதை முகர்ந்து பார்க்கிறார். சாம்பார் வாசனை வந்தால்தான் மாத்திரை டப்பா திறக்கும். வராவிட்டால் பையிலிருந்து இட்லிப் பொட்டலம் வரும். தின்று முடிக்கும்வரை எதிரிலேயே குத்துக்காலிட்டுக் காவல் இருப்பார்.

“டீயும் பன்னும் துன்னேன் நர்ஸம்மா, போதாதா?”

“பன்னு இன்னா சோறா? ஜல்தி துன்னுக்கா, எனக்கு விழுப்புரம் பஸ்ஸு போயிடும்.”

போய்விடும் என்று தினமும் சொல்வாரே தவிர, பஸ்ஸுக்காக அவர் ஓடி, அங்கே தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் நான் பார்த்ததில்லை.

விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கில் வேலை. அதற்குப் போகும் வழியில்தான் இந்தச் சொந்த வேலை: வீடில்லாமல் பாலத்தடியில் கிடப்பவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டுவார், தெரிந்த டாக்டர் வந்து பார்த்து எழுதித் தரும் மாத்திரைகளைக் கொடுப்பார். வாய் கொஞ்சம் நீளம். நிழலுக்காக அங்கே காரை நிறுத்த வந்த ஒருவரிடம், “உன் பெட்ரூம்ல நான் வந்து வண்டி வுட்டா சும்மா இருப்பியா?” என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் ரிவர்ஸ் எடுத்தார்.

யாருக்கும் மாத்திரையை அட்டையோடு தரமாட்டார். தினமும் வந்து அவரே பிரித்துக் கொடுப்பார். முன்பு இப்படி இல்லை. சர்க்கரை மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்து மாசிலாமணி கையில் கொடுத்து, “ஒரு நாளு கூட வுடக்கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னவர்தான்.

மாசிலாமணி வானூர்ப் பக்கம் கட்டட வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தார். நர்ஸம்மா சொன்னால் அவருக்குச் சொன்னதுதான். மாத்திரையை மறந்த மற்றவர்களை அதட்டக்கூடச் செய்வார்.

அந்த மாதமே அடித்த புயலில் பஸ் ஓடவில்லை, ஓட்டல் திறக்கவில்லை, பொட்டலம் கொடுப்பவர்களும் எட்டிப் பார்க்கவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாமலே மாசிலாமணி மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். சர்க்கரை இறங்கி, வியர்த்து, பிதற்றி விழுந்தார். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று ஆட்கள் தாண்டிப் போனார்கள். மழை விட்டதும் ஓடிவந்த மலர்விழிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் தங்கியது. பேச்சு போய்விட்டது, ஆட்களை அடையாளம் தெரிவதும் போய்விட்டது.

“ஊட்டுல இருக்கறவங்களுக்கு சொல்ற மாதிரியே சொல்லிட்டேன்யா” என்றார் என்னிடம். “சாப்ட்டுட்டு போடுங்கன்னு சொன்னேன். சோறு கெடைக்கலன்னா போடாதீங்கன்னு சொல்லல. சோறே கெடைக்காத நாளு ஒண்ணு வரும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு.”

மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. எனக்கும் அது வெறும் பேச்சாகத்தான் பட்டது.

மாசிலாமணி இப்போது அம்மணியின் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். காப்பகத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களை முடித்துவிட்டு மலர்விழி கடைசியாக அவரிடம் வருவார், இட்லியைப் பிட்டு ஊட்டுவார். அன்றும் ஊட்டினார். கடைசித் துண்டை விழுங்கியதும் மாசிலாமணி அண்ணாந்து வாயை அகலத் திறந்தார். எல்லாம் மறந்தவருக்கு மாத்திரை மட்டும் மறக்கவில்லை.

“வாணாம்ணே. டாக்டரு அத்த நிறுத்திட்டாரு.”

அவர் திறந்த வாயை மூடவில்லை. மலர்விழி முந்தானையால் அவர் உதட்டைத் துடைத்தார். பிறகு தாடைக்கடியில் கையைக் கொடுத்து, மெதுவாக வாயை மூடிவிட்டார்.